விசில் வராத குக்கரில் புல்டு போர்க்

அம்மா வீடியோ காலில் கேட்ட முதல் கேள்வியே, "எத்தன விசில் விட்ட கண்ணு?" என்பதுதான். விசிலெல்லாம் வராதும்மா, இது கரண்ட் குக்கர், ஒரு மணி நேரம்னு அமுக்கி விட்டா அதுவே பாத்துக்கும் என்றேன். "ஒரு மணி நேரமா? அதென்ன கறி சாமி, கெழட்டுக் கெடாயா?" என்றார். கெடா இல்லை, புல்டு போர்க், நாராகப் பிய்கிற வரை வேகவைக்கும் பன்றிக்கறி என்றதும் ஒரு ஐந்து விநாடி சத்தமே இல்லை. அப்புறம், "சரி, அங்க மழை பேஞ்சுதா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஊரில் எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைத்ததே இல்லை. என் மனைவி இன்றும் தொடமாட்டாள். வீட்டில் சாப்பிடுவது நானும் மகளும் மட்டும்தான். இது பிடிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் இருப்பது நார்த் கரோலைனாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரி என்கிற ஊரில். இந்த மாநிலத்தில் பார்பெக்யூ என்றால் அது பன்றிக்கறிதான், வேறு பொருள் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி பர்கரோ கோழியோ சுட்டுவிட்டு 'பார்பெக்யூ செய்தேன்' என்று சொன்னால் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கிழக்குப் பக்கத்துக்காரர்கள் முழுப் பன்றியையும் விறகுக் கங்கில் இரவு முழுக்கச் சுட்டு, வினிகரும் மிளகாயும் மட்டும் சேர்ப்பார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்பட்டைக் கறி மட்டும்தான், வினிகரில் கொஞ்சம் கெச்சப் கலந்து அதை 'டிப்' என்பார்கள், முட்டைக்கோஸ் சாலட்கூடச் சிவப்பாக இருக்கும். அந்த ஊரில் இதற்கென்றே 1984-இல் ஒரு திருவிழா தொடங்கினார்கள், அக்டோபரில் நடக்கும். தெற்கே சவுத் கரோலைனாவுக்குள் நுழைந்தால் சாஸ் மஞ்சளாகிவிடும், அங்கே கடுகு. இவர்களுக்குள் நடக்கும் சண்டை நம் ஊரில் பிரியாணிக்குச் சீரக சம்பாவா பாஸ்மதியா என்று நடக்கும் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது எய்டன் என்கிற சிற்றூரில். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். அங்கே ஸ்கைலைட் இன் என்று 1947-இல் ஆரம்பித்த கடை ஒன்று இருக்கிறது. மேலே வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம் மாதிரி ஒரு குவிமாடம் வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது சத்தம்தான். ஒருவர் இரண்டு கைகளிலும் இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு கனமான மரக்கட்டையில் கறியைக் கொத்திக்கொண்டிருந்தார், டக டக டக என்று தாளம் தப்பாமல். கண்ணை மூடினால் ராத்திரி பதினோரு மணிக்கு ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. மொறுமொறுப்பான தோலையும் கறியோடு சேர்த்தே கொத்துகிறார்கள். காகிதத் தட்டில் கறி, அதன் மேல் தட்டையான சோள ரொட்டி ஒரு துண்டு, கொஞ்சம் முட்டைக்கோஸ், அவ்வளவுதான் சாப்பாடு. ஒரு வாயில் புகை, புளிப்பு, கொழுப்பு, நடுவில் தோல் கடிபடும் மொறுமொறுப்பு.

சரி, இதை வீட்டில் செய்யலாமே என்று தோன்றியது. அபார்ட்மென்ட் பால்கனியில் விறகு எரிக்க விடமாட்டார்கள். இருந்தது ஒரு மின்சார பிரஷர் குக்கர்.

இணையத்தில் தேடினால் இந்தக் குக்கருக்கான சமையல் குறிப்புகள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். கறியைப் போடு, ஒரு பாட்டில் பார்பெக்யூ சாஸ் ஊற்று, பொத்தானை அமுக்கு, ஒரு மணி நேரத்தில் அற்புதம். அதைத்தான் செய்தேன். பதினைந்தாவது நிமிடம் குக்கர் கீ கீ என்று கத்தியது, திரையில் 'பர்ன்' என்று எழுத்து. நம் மொழியில் சொன்னால் அடிப்பிடித்துவிட்டது. பாட்டில் சாஸில் சர்க்கரையும் தக்காளியும் கெட்டியாக இருக்கும், அது அடியில் உட்கார்ந்துவிட்டால் கொதித்து ஆவி கிளம்பாது, சூடு ஓரிடத்திலேயே ஏறும், உள்ளிருக்கும் உணர்கருவி பயந்து அடுப்பை அணைத்துவிடும். இந்தக் குக்கர் வேலை செய்வதே ஆவியில்தான், அதற்குத் தண்ணீர் மாதிரி ஓடுகிற திரவம் வேண்டும். சாஸ் எல்லாம் கடைசியில்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பாத்திரம் கரி தேய்க்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை வேறு தப்பு. கடையில் லாயின் என்று முதுகுப் பக்கத்துக் கறி, அழகாக, கொழுப்பே இல்லாமல், ரோஜா நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. கொழுப்பு இல்லையென்றால் உடம்புக்கு நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். வெந்து வந்தது தேங்காய் நார். வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கலாம், ஒரு கட்டத்தில் துப்புவதா விழுங்குவதா என்று யோசிக்க வேண்டும். மகள் ஒரு வாய் தின்றுவிட்டு, "அப்பா, எனக்குத் தயிர் சாதம் போதும்" என்றாள்.

வாங்க வேண்டியது பாஸ்டன் பட். பெயரில் பட் என்று இருக்கிறதே என்று பின்பக்கம் என்று நினைக்காதீர்கள், அது முன்னங்காலின் மேல்பகுதி, தோள்பட்டை. அதற்குக் கீழே காலை ஒட்டி வருவதைப் பிக்னிக் என்பார்கள், அதுவும் பரவாயில்லை, தோலும் எலும்பும் கொஞ்சம் அதிகம். தோள்பட்டை நாள் முழுக்க உடம்பைத் தாங்குகிற இடம், அதனால் சவ்வு நிறைய, உள்ளுக்குள் கொழுப்பும் வரிவரியாக ஓடும். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன்தான் நிறைய நேரம் ஈரச் சூட்டில் இருந்தால் ஜெலட்டினாக உருகும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுமே, அதே சரக்குதான். லாயினில் சவ்வும் இல்லை, கொழுப்பும் இல்லை, உருகுவதற்கு ஒன்றுமே இல்லை, தசை நார் மட்டும் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து விட்டுவிடும்.

வெந்துவிட்டதா என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பன்றிக்கறி முழுத்துண்டு உள்ளே 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு மூன்று நிமிடம் ஆறவிட்டால் சாப்பிடலாம் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-இல் சொல்லிவிட்டது. அது நோய் வராமல் இருப்பதற்கான கணக்கு. தோள்பட்டையை 63-இல் எடுத்தால் செருப்புதான். கையால் பிய்கிற பதம் வர 90-ஐத் தாண்டி 95 பக்கம் போக வேண்டும்.

விறகில் இதற்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். 65, 70 டிகிரி வந்ததும் தெர்மாமீட்டர் அப்படியே நின்றுவிடும், மணிக்கணக்கில் நகராது. கறியின் மேலிருக்கும் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மண்பானைத் தண்ணீர் மாதிரி அது தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது. குக்கருக்குள் ஆவி ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கறி வியர்க்க வழியில்லை, அதனால் இந்தத் தேக்கம் கிடையாது. கூடவே அழுத்தத்தில் தண்ணீர் 100-இல் கொதிக்காமல் 115, 117 டிகிரி வரை ஏறுகிறது. நம் ஊர் விசில் குக்கர் இன்னும் கொஞ்சம் மேலே, 120 பக்கம் போகும், அதனால் கரண்ட் குக்கருக்கு அதைவிடச் சற்று நேரம் கூட வைக்க வேண்டும். ஆனால் எந்த ஆவி வேலையைச் சீக்கிரம் முடிக்கிறதோ அதே ஆவிதான் விறகில் கிடைக்கும் அந்தக் கறுத்த மொறுமொறு மேல்தோலையும் வரவிடாமல் செய்கிறது. ஈரமாக இருக்கும் எதுவும் பொன்னிறமாகாது. குக்கர் செய்து தருவது மெத்தென்று ஆக்குவதை மட்டும்தான், ருசி முன்னாலும் பின்னாலும் நாம் செய்வதில் இருக்கிறது. இது மண்டையில் ஏறிய பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது.

இப்போது நான் செய்வது இப்படி.

எலும்பில்லாத தோள்பட்டை நான்கு பவுண்டு, கிலோவில் சொன்னால் 1.8. வெந்து பிய்த்த பிறகு பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும் என்பதால் எட்டுப் பேருக்கு இது கணக்காக இருக்கும். நான்கு பெரிய துண்டாக வெட்டிக்கொள்கிறேன். முழுசாகப் போட்டால் நடுவில் வேக ரொம்ப நேரமாகும், சின்னதாக நறுக்கினால் நார் குட்டையாகி, பிய்த்தால் சேமியா உப்புமா மாதிரி ஆகிவிடும். மேலே தடிமனாக இருக்கும் வெள்ளைக் கொழுப்பில் பாதியை எடுத்துவிடுவேன். கல்லுப்பை இடித்து ஒரு மேசைக்கரண்டியும் மிளகுத்தூளும் மட்டும் தடவி முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது வழக்கம், மறந்துவிட்டால் ஒரு மணி நேரம் ஊறினாலும் போதும்.

மசாலாவை இந்தக் கட்டத்தில் தடவக் கூடாது. இது நானாகக் கண்டுபிடித்தது. எல்லோரும் பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகா என்கிற காரம் குறைந்த மிளகாய்ப் பொடி எல்லாம் தடவிவிட்டு வதக்கச் சொல்கிறார்கள், சர்க்கரையும் மிளகாய்த்தூளும் சூட்டில் கருகிக் கசந்துவிடும், அடியும் பிடிக்கும். உப்பு, மிளகோடு மட்டும் கறியை முதலில் சுட்டு எடுங்கள். குக்கரை வதக்கும் நிலையில் நன்றாகச் சூடேற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டிரண்டு துண்டாக, ஒரு பக்கம் மட்டும், ஐந்து ஆறு நிமிடம் அசைக்காமல் விடவேண்டும். கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கும் நம் கைக்கு இதுதான் கஷ்டம். காபிக்கொட்டை நிறம் வந்ததும் தானாகவே அடியை விட்டுக் கழன்று வரும்.

கறியை எடுத்துவிட்டு ஒரு பெரிய வெங்காயத்தை அந்தக் கொழுப்பிலேயே வதக்கி, முக்கால் கப் தண்ணீரும் கால் கப் ஆப்பிள் சைடர் வினிகரும் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்ட வேண்டும். ஒட்டியிருக்கும் பழுப்பு எல்லாம் கரைய வேண்டும். அதுதான் ருசி, அதை விட்டால் அதுவே 'பர்ன்'. என் ஆறு குவார்ட் (கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் லிட்டர்) குக்கருக்கு இந்த ஒரு கப் திரவம் போதும், கறியே இன்னொரு கப் தண்ணீர் விடும். இப்போது மசாலா. ஸ்மோக்டு பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, பூண்டுப் பொடி இரண்டு டீஸ்பூன், கடுகுப் பொடி, சீரகப் பொடி, மிளகாய்த்தூள் ஒவ்வொரு டீஸ்பூன். பாப்ரிகாவில் ஸ்பெயின் நாட்டு லா வேரா பக்கத்தது கிடைத்தால் வாங்குங்கள். மிளகாயை ஓக் விறகுப் புகையிலேயே உலர்த்துகிறார்கள், பால்கனியில் விறகு எரிக்க முடியாதவனுக்கு அதுதான் புகை. பாட்டிலில் வரும் திரவப் புகை நிஜமாகவே மரப்புகையைக் குளிரவைத்துப் பிடித்ததுதான், வேதிப்பொருள் என்று பயப்பட வேண்டாம், ஆனால் அரை டீஸ்பூனைத் தாண்டினால் வீடே தீப்பிடித்து அணைத்த மாதிரி இருக்கும்.

கறியைத் திரும்பப் போட்டு மூடி, அதிக அழுத்தத்தில் 60 நிமிடம். திரை 60-ஐக் காட்டுகிறதே என்று ஒரு மணி நேரத்தில் சாப்பாடு என்று விருந்தாளியைக் கூப்பிட்டுவிடாதீர்கள், அழுத்தம் ஏறவே பதினைந்து நிமிடம் ஆகும், இறங்க இருபது. வதக்குவதிலிருந்து தட்டு வரை நிஜமான கணக்கு இரண்டரை மணி நேரம்.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வைத் திருப்பி 'உஷ்ஷ்' என்று ஆவியை விட்டுவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், விசில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு சுகம். அப்படிச் செய்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, 115 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம் உள்ளே கொதித்துத் தள்ளும், கறிக்குள் இருக்கும் சாறும் சேர்த்துத்தான் கொதிக்கும், நார் வறண்டுவிடும். இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மிச்சம் ஏதாவது இருந்தால் அப்புறம் திறந்துவிடுங்கள். எலும்பையும் இளகவைக்க ஒரு பாத்திரம் என்று டெனி பாப்பான் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி 1679-இல் லண்டனில் இந்தச் சங்கதியின் முதல் வடிவத்தைக் காட்டினார், அது வெடிக்காமல் இருக்க ஒரு வால்வையும் அவரே யோசித்தார். அந்த வால்வின் பேரன்தான் நம் வெயிட். மூன்றரை நூற்றாண்டு ஆகியும் அவசரப்படுபவனுக்கு மட்டும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

மூடியைத் திறந்தால் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது, கலங்கிய குழம்பில் நான்கு துண்டு கிடக்கும். இங்கேதான் பாதிப்பேர் பிய்த்து, சாஸ் ஊற்றி, ரொட்டியில் வைத்து, 'ம், பரவாயில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். கறியைத் தனியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். முள்கரண்டி இரண்டை எதிரெதிராக வைத்து இழுத்தால் போதும், நாராகப் பிரிந்து வரும். பொடிப்பொடியாகப் பிய்க்காமல் விரல் தடிமனுக்கு விடுங்கள். குக்கரில் இருக்கும் சாறின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, சாறை மட்டும் வதக்கும் நிலையில் பாதியாக வற்றவிடுங்கள், பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் உப்பை ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தியது இதற்காகத்தான்.

பிய்த்த கறியை இரும்புத் தட்டில் பரப்பி, எடுத்து வைத்த கொழுப்பில் இரண்டு கரண்டி, வற்றிய சாறில் ஒரு கரண்டி தெளித்து, ஓவனில் மேல் தணல் மட்டும் எரியவிட்டு நான்கைந்து நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், போன் பார்க்கப் போய்விட்டால் கரி. நுனியெல்லாம் கறுத்து, சர்ர்ர் என்று சத்தம் வந்து, கொழுப்பு குமிழ் விடும்போது வெளியே எடுத்து, மிச்ச வற்றிய சாறை ஊற்றிப் புரட்டினால் பாதி மெத்தென்று, பாதி மொறுமொறு. எய்டனில் தோலைக் கொத்திச் சேர்ப்பதற்கு என்னால் முடிந்த பதில் இது.

சாஸில் நான் சாய்ந்தது லெக்சிங்டன் பக்கம். ஒரு கப் சைடர் வினிகர், இரண்டு மேசைக்கரண்டி கெச்சப், ஒரு கரண்டி சர்க்கரை, உப்பு, மிளகு, இடித்த காய்ந்த மிளகாய், ஒரு கொதி. தண்ணியாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். நம் நாக்குக்கு இந்தப் புளிப்பு உடனே பிடித்துவிடும். குடகில் பந்திக் கறி என்கிற பன்றிக் குழம்புக்குக் கச்சம்புளி என்கிற கறுத்த புளிச்சாறு ஊற்றுவதும் இதே காரணத்துக்குத்தானே, கொழுப்பை வெட்ட ஒரு புளிப்பு வேண்டும். மென்மையான பன், மேலே கறி, கைப்பிடி முட்டைக்கோஸ், ஒரு கரண்டி சாஸ்.

ஆபீசில் கிழக்குப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். நிதானமாகச் சாப்பிட்டார். நல்ல பன்றிக்கறி என்றார். பார்பெக்யூ என்று கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் நான் பட்ட பெரிய அடி கறியில் இல்லை. குக்கர் மூடியில் ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கும், அது வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும். தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் நான் புல்டு போர்க் செய்தது தெரிந்திருந்தும் அவசரத்தில் என் மனைவி அதே குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டாள். மூடியைத் திறந்தால் ஏலக்காய், நெய், கூடவே புகையும் பூண்டும் வினிகரும். சாமிக்குப் படைக்காமல் அது அப்படியே குப்பைக்குப் போனது, அன்று முழுக்க என்னிடம் அவள் பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. இப்போது இரண்டு வளையம். சிவப்பு என்னுடையது, வெள்ளை வீட்டுடையது. சிவப்பைக் கழுவி பால்கனியில் வெயிலில் காயப்போடுகிறேன்.

மிச்சக் கறியைச் சாறோடு சேர்த்துச் சின்னச் சின்னப் பையாக ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். சாறு இல்லாமல் போட்டால் காய்ந்துவிடும். மறுநாள் ஃபிரிட்ஜில் அந்தச் சாறு அல்வா மாதிரி இறுகி ஆடினால் சரியான துண்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மகளுக்கு பன்னில் வைத்துத் தருவதைவிடப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செய்யும் கொத்து பரோட்டாதான். இந்தியக் கடையில் வாங்கிய உறைந்த பரோட்டா நான்கு, முட்டை இரண்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு பை கறி, சால்னாவுக்குப் பதில் அந்த இறுகிய சாறு, டக டக டக. தோசைக்கல்லைத் தொட்டால் கை இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டதால் எனக்கென்று தனியாக ஒரு இரும்புக் கல் வாங்கியாகிவிட்டது, அதுவும் சிவப்பு வளையத்தோடு பால்கனி அலமாரியில்தான் இருக்கிறது.